லீடிங் எயார்கிராஃப்ட்மன் மகேந்திரனை எப்படிக் கூப்பிடுவது?

கண்டக்டர் ஐயா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மறுபடியும் மாட்டிக்கொண்டார். பிறகு, பாடசாலை மண்டபத்துச் சுவரில் நான் ஒட்டியிருந்த பிரிஸ்டல் போட் அட்டைக்கு இன்னும் ஓர் அடி கிட்டப் போனார். பசை காயவில்லை. கோதுமை மாப் பசையின் புளித்த வாசம் மண்டபம் முழுக்க இருந்தது.

அவருடைய சுட்டுவிரல் மேலிருந்து கீழே இறங்கியது. ஜெனரல், கேர்ணல், மேஜர், கப்டன். கொஞ்சம் நின்றது. மறுபடியும் இறங்கியது. கடைசிக்கு முந்தின வரியில் வந்து நின்றுவிட்டது.

"இந்த லீடிங் எயார்கிராஃப்ட்மன்ங்கிறது... இந்த எடத்துலதான் வருமா புள்ள?"

எனக்கு அப்படியொரு சந்தோசம். மூன்று வாரமாக ஓடி ஓடிச் சேர்த்த விசயத்தை ஒருத்தராவது விரல் வைத்துப் படிக்கிறாரே!

"ஆமாங்க ஐயா! கீழ இருந்து ரெண்டாவது. ஆமியில லான்ஸ் கோப்ரல், நேவியில ஏபிள் சீமன், எயார்போஸ்ல இது. மூணும் ஒரே படி. நம்ம தோட்டத்துல சொல்றதுன்னா," கடைசி நிரலைத் தொட்டுக் காட்டினேன், "பேர் பதிஞ்ச ஆள் மாதிரி."

அவர் விரலைப் போட்டிலிருந்து எடுத்தார். குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். மழை இல்லை, வெயிலும் இல்லை. ஆனாலும் விரித்துப் பிடித்துக்கொண்டுதான் போனார்.

ஐயாவின் ஒரே மகள் ஷர்மிளா என் சிநேகிதி. அவளுக்குப் பரிசம் போடக் குறித்த புதன்கிழமைக்கு அன்றைக்கு இன்னும் பதின்மூன்று நாள் இருந்தது. மாப்பிள்ளை எயார்போஸ், அதாவது விமானப்படைக்காரர், பெயர் மகேந்திரன், பதவி லீடிங் எயார்கிராஃப்ட்மன். இவ்வளவும் எனக்குத் தெரியும். மாமனாராக வரப்போகிறவருக்கு அந்தப் பதவி என்னவென்று தெரியாது என்பது மட்டும்தான் எனக்குத் தெரியாது.

பல்லேபொலயில் நிறுத்திய கப்பல்

எங்கள் தோட்டம் மாத்தளைக்கு மேலே மலையில் இருக்கிறது. பாதி தேயிலை, பாதி மிளகும் கொக்கோவும். அந்த வருடத்து மழையில் பாடசாலைக்குப் பின்னாலிருந்த மண்மேடு ஒரு மத்தியானம் அப்படியே சரிந்து இறங்கியது. விடுமுறை நாள் என்பதால் உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இரண்டு வகுப்பறை போய்விட்டது, தண்ணீர்க் குழாய் போய்விட்டது, பஸ் வரும் பாதையில் பாதி போய்விட்டது.

முதலில் ஆமிக்காரர்கள் வந்து பாதையை வெட்டினார்கள். பிறகு தண்ணீர் சுத்திகரிக்கிற இயந்திரத்தோடு நேவிக்காரர்கள் வந்தார்கள். மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் அவர்களைச் சுற்றி நின்று, "கப்பல எங்க சேர் விட்டுட்டு வந்தீங்க?" என்று கேட்டார்கள். ஒருவர் முகத்தில் சிரிப்பே இல்லாமல், அரைகுறைத் தமிழில், "பல்லேபொலயில பார்க் பண்ணி இருக்கு" என்றார். பல்லேபொல கடலே இல்லாத பக்கத்து ஊர், ஆனாலும் இரண்டு பிள்ளைகள் அதை நம்பி வீட்டிலும் போய்ச் சொல்லிவிட்டார்கள்.

கடைசியாக, வகுப்பறை கட்ட எயார்போஸ்காரர்கள் வந்தார்கள். அவர்களில் ஒருவர்தான் மகேந்திரன்.

அவர் வெளியாள் இல்லை. தோட்டத்தின் அடுத்த டிவிசனில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய அம்மா இன்றைக்கும் கொழுந்து எடுக்கிறார். வந்த குழுவில் தமிழ் தெரிந்த ஒரே ஆள் என்பதால் நடுவில் நின்று பேசுகிற வேலை முழுக்க அவர் தலையில் விழுந்தது. சீமெந்து எங்கே இறக்குவது, யார் வீட்டுப் பீலியில் தண்ணீர் பிடிப்பது, எல்லாவற்றுக்கும் சனம் அவரிடம்தான் ஓடியது. "சேர்... சேர்..." என்று.

கண்டக்டர் ஐயா அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், தோட்டத்தில் கண்டக்டர் என்றால் பஸ்ஸில் டிக்கெட் கிழிப்பவர் இல்லை. மலையில் நடக்கிற வேலை முழுவதையும் பார்க்கிற உத்தியோகத்தர். அவருக்கு மேலே துரைமார். கீழே கணக்கப்பிள்ளை, கங்காணி, தொழிலாளர்.

கண்டக்டர் வீட்டுப் பெண்ணை லயத்து வீட்டுக்குக் கொடுப்பது எங்கள் பக்கம் லேசில் நடக்கிற காரியமில்லை. மகேந்திரனின் மாமா பேச்சை எடுத்தபோது ஐயா மூன்று நாள் வாயே திறக்கவில்லையாம். நான்காம் நாள், "ஒஃபிசர் மாப்பிள்ள. சரி, பேசலாம்" என்றாராம். ஒஃபிசர் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. இல்லை என்றும் யாரும் சொல்லவில்லை. இதெல்லாம், காரியம் கெட்ட பிறகு ஷர்மிளா சொல்லித்தான் எனக்குத் தெரியவந்தது.

கூடினால் குற்றமில்லை

இந்தத் தொடரைப் படிக்கிற ஒரு வாசகர், "உங்களுக்கு வயது என்ன, அதற்குள் என்ன நினைவுக் குறிப்பு?" என்று கேட்டு எழுதியிருந்தார். நியாயமான கேள்வி. ஆனால் எனக்கு வயது குறைவு என்றாலும் குழப்பம் அதிகம். எழுதி வைக்காவிட்டால் எது எப்போது குழம்பியது என்பதே மறந்துவிடும்.

இதோ ஒரு பழைய குழப்பம். என் அப்பா மரக்கறி லொறி ஓட்டியவர், கலேவெலச் சந்தைக்கு. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒருமுறை என்னையும் ஏற்றிக்கொண்டு போனார். வழியில் ஒரு சந்தியில் பொலிஸ் மறித்தது. அப்பா கண்ணாடியை இறக்கி, தலையைக் குனிந்து, மிகுந்த மரியாதையோடு, "ரால்ஹாமி, லைசன் இருக்குங்க" என்றார்.

ரால்ஹாமி என்பது கான்ஸ்டபிள்மாரைக் கூப்பிடுகிற சொல். அன்றைக்கு மறித்தவரின் தோளில் நட்சத்திரம் இருந்தது, அதிகாரி. அப்பா அதைக் கவனிக்கவில்லை. லொறியிலிருந்த கத்தரிக்காய் மூட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கிக் காட்டி, ஒவ்வொன்றாகத் திரும்ப ஏற்றினோம். போய்ச் சேர்ந்தபோது சந்தை கலைந்து, மாடுகள் மிஞ்சிய முட்டைக்கோவா இலை தின்றுகொண்டிருந்தன.

திரும்பி வரும்போது அப்பா ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். "காக்கியோ, பச்சையோ, நீலமோ, எல்லாத்துக்கும் ஒரு சேர் போட்டுரு மக. கூடுனா யாரும் கோவிக்க மாட்டாங்க. கொறஞ்சாத்தான் வம்பு."

தோட்டம் முழுவதுமே அப்பாவின் கட்சிதான். டிஸ்பென்சரியில் புண் கழுவிக் கட்டுகிறவர் சேர். மின்சாரப் பட்டியல் கொண்டு வருகிறவர் சேர். ஒருமுறை ஐஸ்கிறீம் வண்டிக்காரர் நீலச் சட்டை போட்டுக்கொண்டு வந்துவிட்டார், அன்றைக்கு அவரும் சேர்.

எனக்கு இது ஒத்துவரவில்லை. பல்கலைக்கழகம் போய் வந்தவளில்லையா! ஒவ்வொருவருக்கும் ஒரு சரியான அழைப்பு இருக்கும்போது அதைத் தேடாமல் விடுவது சோம்பேறித்தனம் என்று நினைத்தேன். தேடுவதற்கு வாய்ப்பும் வந்தது.

இருக்கு, ஆனா இல்ல

நான் அப்போது அந்தப் பாடசாலையில் தொண்டர் ஆசிரியை. வேலை முடியும் தறுவாயில் அதிபர் என்னைக் கூப்பிட்டார். "மூணு படைக்கும் நன்றி விழா வைக்கிறோம். மைக் ஒங்க கையில. சிங்களமும் தெரியும், வாயும் இருக்கு."

இருபத்தேழு பேருக்கு நினைவுச் சின்னம். ஒவ்வொருவரையும் பதவியும் பெயரும் சொல்லி மேடைக்கு அழைக்க வேண்டும். எல்லாருக்கும் சேர் போட்டால் அப்பா சந்தோசப்படுவார். நான் நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

முதலில் ஆமிப் பக்கம். சட்டைக் கையில் இரண்டு கோடு வைத்திருந்தவரிடம் போனேன். பேச்செல்லாம் சிங்களத்தில்தான், இங்கே தமிழில் தருகிறேன்.

"நீங்க என்ன ரேங்க்?"

"கோப்ரல்."

"அப்ப ரெண்டு கோடுன்னா கோப்ரல்."

"ஆமா. ஆனா பீரங்கிப் படைக்குப் போனீங்கன்னா இதே ரெண்டு கோடு பொம்பார்டியர்."

"ஏன்?"

"அங்க அப்படித்தான் மிஸ்."

கோடே இல்லாத இன்னொருவர் கல் உடைத்துக்கொண்டிருந்தார். வேறு படைப்பிரிவில் இருந்தால் அவர் பிரைவேட். பொறியியல் பிரிவில் இருப்பதால் சப்பர். அதே ஆள், அதே சம்பளம், அதே சுத்தியல். அழைப்பு மட்டும் வேறு.

அவர்களுக்கு மேலே வொரண்ட் ஒஃபிசர் ஒருவர் இருந்தார். நரைத்த மீசை. நடந்தால் மண்ணே விறைப்பாக நிற்கும். சிப்பாய்கள் அவரைச் சேர் என்றுதான் கூப்பிட்டார்கள், ஆனால் சலூட் அடிக்கவில்லை. காரணம் கேட்டேன். அவருடைய பதவிப் பெயரில் ஒஃபிசர் இருந்தாலும் அவர் அதிகாரி இல்லையாம். சிப்பாயாகச் சேர்ந்து படிப்படியாக ஏறியவர்களில் உச்சியில் இருப்பவர். சேர் உண்டு, சலூட் இல்லை. எழுதிக்கொண்டேன்.

எல்லாம் தெரிந்துவிட்ட தைரியத்தில் நேவிப் பக்கம் போனேன். சட்டைக் கையில் நங்கூரச் சின்னம் வைத்திருந்தவர் குழாய் முடுக்கிக்கொண்டிருந்தார். "கோப்ரல், ஒரு நிமிசம்" என்றேன்.

ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார். "மிஸ், எங்ககிட்ட கோப்ரல்னு ஒரு சாமானே கிடையாது."

அவர் லீடிங் சீமன். ஆமிக் கோப்ரலுக்குச் சமம், ஆனால் கோப்ரல் என்றால் கோபம் வரும். அவருக்கு மேலே பெட்டி ஒஃபிசர்.

"அப்ப அவர் அதிகாரியா?"

"இல்ல."

"பேருல ஒஃபிசர்னு இருக்கே?"

"இருக்கு. ஆனா இல்ல."

எயார்போஸ் முகாமில் மறுபடியும் கோப்ரல் வந்தார், மறுபடியும் சார்ஜன் வந்தார். அப்பாடா, ஆமி மாதிரியேதான் என்று மூச்சு விட்டால், சார்ஜனுக்கு மேலே ஃப்ளைட் சார்ஜன் என்று ஒருவர் சிரித்துக்கொண்டு வருகிறார்.

"நீங்க பிளேன்ல பறப்பீங்களா?"

"நான் சமையலுக்குப் பொறுப்பு. சோறு வேணுமா மிஸ்?"

மகேந்திரனிடமும் கேட்டேன். சட்டைக் கையில் தைத்திருந்த காற்றாடிச் சின்னத்தைக் காட்டினார். "லீடிங் எயார்கிராஃப்ட்மன். சுருக்கமா எல்.ஏ.சி."

"சனமெல்லாம் சேர்ங்கிறாங்களே?"

"ரெண்டு மூணு தரம் சொல்லிப் பாத்தேன் டீச்சர், சேர் வேணாம்னு. 'சரிங்க சேர்'ங்கிறாங்க. பக்கத்து வீட்டு ஆளுங்க முன்னுக்கு எங்கம்மாவே 'சேர் தூங்குறாரு'ன்னுதான் சொல்லுது."

அன்றைக்கு நோட்டுப் புத்தகத்தின் பதினோராம் பக்கத்தில் நான் போட்ட அம்புக்குறி எங்கே போகிறது என்று எனக்கே தெரியவில்லை.

சிவப்பு மை

வீட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சுத்தமாக எழுதினேன். ஒரு பிரிஸ்டல் போட், மூன்று நிரல்: ஆமி, நேவி, எயார்போஸ். ஒரே படியில் இருப்பவர்கள் ஒரே வரியில். மேலே ஜெனரல், கீழே பிரைவேட். வகுப்புக்குக் கொண்டுபோய்ப் பிள்ளைகளிடம் காட்டினேன். ஒன்றும் விளங்காமல் பார்த்தார்கள்.

பிள்ளையை அழைத்துப்போக வந்திருந்த ராசம்மாக்கா ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். "இதுல யாரு தொரை, யாரு கங்காணி? அத எழுதுனாத்தானே எங்களுக்கு வெளங்கும் டீச்சர்."

அட, அதுதானே!

தோட்டமும் ஒரு முகாம் மாதிரித்தான் நடக்கிறது. விடிந்ததும் எல்லாரும் வந்து நின்று பெயர் கொடுக்கிற இடத்துக்கு எங்கள் ஊரில் பெரட்டுக் களம் என்று பெயர், பரேட் என்பதிலிருந்து வந்தது. இவ்வளவு பொருத்தம் இருக்கும்போது விடுவேனா? நான்காவது நிரல் ஒன்று போட்டு, சிவப்பு மையால் எழுதினேன். தலைப்பு: நமது தோட்டத்தில்.

கேர்ணல் வரியில் பெரிய துரை. லெப்டினன்ட் வரியில் சின்ன துரை. வொரண்ட் ஒஃபிசர் வரியில் கண்டக்டர். சார்ஜன் வரியில் கணக்கப்பிள்ளை. கோப்ரலுக்கும் லீடிங் சீமனுக்கும் நேரே கங்காணி. அதற்குக் கீழே, லான்ஸ் கோப்ரல், ஏபிள் சீமன், லீடிங் எயார்கிராஃப்ட்மன் மூவருக்கும் நேரே பேர் பதிந்த ஆள், அதாவது தோட்டத்தின் நிரந்தரத் தொழிலாளி. கடைசி வரியில் கைக்காசு ஆள். நாள் கூலி.

எழுதி முடித்துத் தள்ளி நின்று பார்த்தேன். எனக்கு என்னை அவ்வளவு பிடித்திருந்தது.

மறுநாள் அதை மண்டபத்தில் ஒட்டினேன். விழாவுக்குக் கதிரை எத்தனை தேவை என்று பார்க்கக் கண்டக்டர் ஐயா வந்தார். மிச்சம் உங்களுக்குத் தெரியும்.

குடை போன பிறகு

அடுத்த நாள் காலை மணி அடிக்கும் முன்பே ஷர்மிளா வந்தாள். அவள் முன்பள்ளி ஆசிரியை. கையில் களிமண் ஒட்டியபடியே வந்திருந்தாள்.

"அடியே, அப்பாகிட்ட என்னாடி சொன்ன?"

"அவரு கேட்டதுக்குப் பதில் சொன்னேன்."

"பரிசத்த தள்ளிப் போடுவோம்ங்கிறாரு. எவ்வளவு நாளைக்குன்னு கேட்டா பதில் இல்ல. அம்மாகிட்ட சொல்லியிருக்காரு, 'பேர் பதிஞ்ச ஆளுக்குக் குடுக்கவா அவள கொன்வென்ட்டுல படிக்க வச்சேன்'னு. பேர் பதிஞ்ச ஆளுன்னு யாருடி சொன்னா அவருக்கு?"

நான் சுவரைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள். சிவப்பு மை தூரத்திலிருந்தே நன்றாகத் தெரிந்தது.

"அவரு ஒஃபிசர் இல்லன்னு ஒனக்குத் தெரியாதா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"எனக்கு மொத நாளே சொல்லிட்டாரு. அப்பா கேக்கவே இல்ல. கேக்காதவருகிட்ட போயி நாங்க எதுக்குச் சொல்லணும்? கல்யாணம் முடிஞ்சி மெதுவா வெளங்கியிருக்கும். நீ போட் போட்டு வெளங்கப்படுத்திட்ட."

அவள் அழவில்லை. களிமண் கையைத் தன் பாவாடையில் துடைத்துவிட்டுப் போனாள். அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

நான் செய்தது பிழையா? இரவல் வாங்கிய விசயம் ஒன்றும் அதில் இல்லை. ஒவ்வொரு வரியையும் மூன்று பேரிடம் கேட்டுச் சரிபார்த்திருந்தேன். பொய் சொன்னவளும் நான் இல்லை. அப்படியென்றால் ஏன் சோறு இறங்கவில்லை?

வேலை முடிகிற நேரம் மகேந்திரனே மண்டபத்துக்கு வந்தார். கை முழங்கை வரை சீமெந்து. போட்டின் முன்னால் நின்று முழுவதையும் வாசித்தார்.

"மன்னிச்சிருங்க" என்றேன்.

"எதுக்கு டீச்சர்? மூணு நிரலும் சரியாத்தான் இருக்கு. எங்க சார்ஜனுக்கே நேவியப் பத்தி இவ்வளவு தெரியாது."

"அப்ப..."

"நாலாவது." சிவப்பு எழுத்தை விரலால் தொட்டார். சீமெந்துத் தூள் ஒட்டியது. "எங்கம்மா பேர் பதிஞ்ச ஆளு. அப்பாவும் அதுதான். எனக்குப் பதினெட்டு முடிஞ்ச கிழமையே தோட்டத்து ஆபீசுல கூப்பிட்டாங்க, 'வந்து பேரப் பதிடா'ன்னு. அம்மா எனக்கு தேயில வெட்டுற புதுக் கத்தியெல்லாம் வாங்கி வச்சிருந்திச்சி. நான் மாத்தளைக்கு பஸ் ஏறிட்டேன். எயார்போஸ் எடுக்கலன்னா திரும்பி வந்திருக்க மாட்டேன் டீச்சர், எங்கயாவது போயிருப்பேன்." மறுபடியும் சிவப்பு எழுத்தைப் பார்த்தார். "நீங்க ஒரு மார்க்கர் பேனையால என்னைய பதிஞ்சிட்டீங்க."

வாயில் வந்ததைச் சொன்னேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது. "வேணும்னா ஒரு வரி மேல ஏத்தி, கங்காணிக்கு நேரா போட்டுரட்டுமா?"

அவர் சத்தமாகச் சிரித்துவிட்டார். "புரமோஷன் குடுக்க நீங்க யாரு டீச்சர்?"

சவர பிளேட் ஒன்று தேடி எடுத்தேன். அவர் அடிமட்டக் கோலைப் பிடித்துக்கொள்ள, நான்காவது நிரலை மேலிருந்து கீழே வெட்டி எடுத்தேன். போட் ஒருபக்கம் ஒடுங்கிப்போய், அளவு பிழைத்த சட்டை மாதிரி சுவரில் இருந்தது.

"விழாவுல ஒங்கள எப்பிடிக் கூப்பிடணும்?" என்று கேட்டேன். "சேர்னு சொல்லணும்னா சொல்லிர்றேன். யாரும் ஒண்ணும் கேக்கமாட்டாங்க. ஐயா மனசும் ஒருவேளை..."

கையிலிருந்த சீமெந்தை உரித்தார்.

"ரேங்க்கோட. முழுசா."

"கண்டக்டர் ஐயா முன் வரிசையில இருப்பாரே?"

"தெரியும்."

தூணடி

விழா நாளன்று வெயில் நன்றாக அடித்தது. முன் வரிசையில் மெத்தைக் கதிரைகள். ஆமி மேஜர் ஒருவர், முகத்தில் இன்னும் பரு மாறாத லெப்டினன்ட் ஒருவர், நேவி, எயார்போஸ் அதிகாரிகள், பெரிய துரை, சின்ன துரை, அதிபர். வரிசைக் கடைசியில், பாடசாலை அபிவிருத்திச் சங்கச் செயலாளர் என்ற முறையில் கண்டக்டர் ஐயா. வெள்ளை நீளக் காற்சட்டை, கஞ்சி போட்ட சட்டை. அவருக்குப் பக்கத்தில் ஒரு கதிரை காலி.

நான் மேடையில் மைக்கோடு நின்றதால் எல்லாம் தெரிந்தது. நரைமீசை வொரண்ட் ஒஃபிசர் தூணடியில் நின்றார். ஐயா அவரைப் பார்த்து, காலிக் கதிரையைக் கையால் தட்டி, வந்து உட்காரச் சொன்னார். அவர் சிரித்துத் தலையசைத்து மறுத்தார். அதிகாரிகளின் வரிசை அது. அவர் அதில் உட்காரமாட்டார்.

அந்த நேரம் பரு மாறாத லெப்டினன்ட் திரும்பி, வாகனத்தைப் பற்றி அவரிடம் ஏதோ கேட்டார். நரைமீசையின் இரண்டு குதிக்காலும் ஒன்றாகச் சேர்ந்தன. "சேர்!"

ஐயா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். லெப்டினன்ட்டுக்கு அவருடைய மகளின் வயதுதான் இருக்கும்.

அப்போது சின்ன துரை தலையைத் திருப்பாமலே இரண்டு விரலை அசைத்தார். "கண்டக்டர், அந்த ஃபேன கொஞ்சம் இந்தப் பக்கம்." சின்ன துரை தோட்டத்துக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது.

ஐயா எழுந்து போய் ஃபேனைத் திருப்பிவிட்டார். அதன் பிறகு கதிரைக்குத் திரும்பவில்லை. தூணடிக்குப் போய் வொரண்ட் ஒஃபிசருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். விழா முடியும்வரை இரண்டு பேரும் அங்கேயே நின்றார்கள்.

நான் அழைக்கத் தொடங்கினேன். சப்பர் இன்னார், ஏபிள் சீமன் இன்னார், கோப்ரல் இன்னார். சனத்துக்கு ஒன்றும் பிடிபடவில்லை, ஆனாலும் எல்லாருக்கும் ஒரே அளவாகக் கைதட்டினார்கள். பத்தொன்பதாவது பெயர் வந்தது. மைக்கை வாய்க்கு இன்னும் கிட்டப் பிடித்தேன்.

"லீடிங் எயார்கிராஃப்ட்மன் மகேந்திரன்."

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. மகேந்திரனின் அம்மா எழுந்து நின்று, சுற்றியிருந்தவர்களுக்குக் கையை நீட்டிக் காட்டினார். "எங்க சேர் வர்றாரு பாருங்கடி!"

மண்டபமே சிரித்தது. மகேந்திரனின் காதுமடல் சிவந்துபோனது. மேடை ஏறி, சின்னத்தை வாங்கி, சலூட் அடித்து, இறங்கிப் போனார். கண்டக்டர் ஐயா கைதட்டினாரா என்று பார்க்க எவ்வளவோ முயன்றேன். தூண் மறைத்துவிட்டது.

புதன்கிழமை

விழா முடிந்து கட்லட்டும் பிளேன்டீயும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஐயா மகேந்திரனை நோக்கி நடந்து வந்தார். ஷர்மிளா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய நகம் பதிந்த இடம் இரண்டு நாள் எரிந்தது.

ஐயா மாப்பிள்ளைக்கு முன்னால் வந்து நின்று, கண்ணாடியைச் சரிசெய்தார்.

"சேர்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. போட்டைப் படித்தவர், முழுப் பதவியையும் காதால் கேட்டவர்!

"அந்தப் புதன்கிழம... அம்மாவும் நீங்களும் மத்த ஆளுகளும் பத்து மணிக்கு முன்னுக்கு வந்துருவீங்கதானே?"

"வந்துர்றோம் ஐயா" என்றார் மகேந்திரன்.

அவ்வளவுதான். ஐயா ஒரு கட்லட்டை எடுத்துக்கொண்டு அதிபரிடம் பேசப் போய்விட்டார். ஏன் மனம் மாறினார், தூணடியில் நின்றபோது மாறினாரா, ஃபேனைத் திருப்பும்போதா, அந்த அம்மா எழுந்து நின்றபோதா? யாரும் அவரைக் கேட்கவில்லை. கேட்கத் துடித்த என்னை ஷர்மிளா வாயைப் பொத்தி இழுத்துக்கொண்டு போனாள்.

பரிசம் நடந்தது, கல்யாணமும் நடந்தது. இப்போது அவர்கள் மாத்தளை டவுனில் இருக்கிறார்கள். மகேந்திரன் கோப்ரலாகிவிட்டார். ஐயா மாதத்துக்கு ஒருமுறை வந்து இரண்டு நாள் தங்கிப் போவார்.

போன மாதம் நான் போயிருந்தபோது அவரும் இருந்தார். நான்கு பேரும் சாப்பிட்டோம்.

"சேர், இன்னொரு அகப்பை சோறு போட்டுக்கங்க."

"போதுங்க ஐயா."

"சேருக்கு அந்தப் பருப்பத் தள்ளு மக."

இரண்டு வருசமாக இப்படித்தானாம். ஐயாவின் வாயில் ஒரு நாள்கூட மாப்பிள்ளை என்று வந்ததில்லை. மகேந்திரனும் ஒரு நாள்கூட மாமா என்று சொன்னதில்லை, லயத்துப் பிள்ளை கண்டக்டரைக் கூப்பிடுகிற அதே ஐயாதான். ஒருவர் கறியைத் தள்ளுகிறார், மற்றவர் தண்ணீர் ஊற்றுகிறார். முகத்தைப் பார்த்தால் இரண்டு பேருமே நன்றாக இருக்கிறார்கள். ஷர்மிளா என்னைப் பார்த்துக் கண்ணை உருட்டினாள். "எனக்குப் பழகிருச்சிடி. நீ ஒண்ணும் போட் எழுதிராத."

ஐயா சேர் என்று சொல்லும்போதெல்லாம் அந்தக் குரலையே உற்றுக் கேட்டேன். ஒரு தரம் மரியாதை மாதிரி இருந்தது. அடுத்த தரம் மெல்லிய குத்தல் மாதிரி இருந்தது. மூன்றாம் தரம், அறுபது வயது வரை வேறு எதையும் பழகாத ஒருவரின் வாய்ப்பழக்கம் மாதிரி இருந்தது. மூன்றும் ஒரே குரல்தான்.

மகேந்திரன் என்னை பஸ் ஏற்றிவிட வந்தார். தரிப்பிடத்தில் நின்றபோது என்னால் அடக்க முடியவில்லை.

"அது மரியாதையா, குத்தலா?"

எதைக் கேட்கிறேன் என்று அவர் கேட்கவில்லை. "எனக்கும் தெரியல டீச்சர்."

"நேரா ஒரு நாளைக்குக் கேட்டுர வேண்டியதுதானே?"

பஸ் வளைவில் திரும்பி வந்துகொண்டிருந்தது. அவர் கையை நீட்டி மறித்தார்.

"கேட்டா நிறுத்திருவாரு. நிறுத்திட்டாருன்னா, அப்புறம் என்னைய என்னான்னு கூப்பிடுவாரு?"